ஊறப்போட்ட மாத்திரை

மூன்று கடும்பனி விழுந்த பிறகுதான் ஃபிர் என்கிற ஊசியிலை மரத்தில் கை வைக்க வேண்டும் என்பது ஹேக்கெட் துறை என்கிற அந்தக் கடற்கரை ஊரில் வேதவாக்கு. அதற்கு முன் ஒடித்த கொப்பில் கட்டிய அலங்கார வளையம் கிறிஸ்துமஸ் வரை தாங்காது. வாசற்கதவில் தொங்கும்போதே ஊசியிலை எல்லாம் கொட்டி, காசு கொடுத்து வாங்கினவனுக்கு வெறும் கம்பி வளையம்தான் மிஞ்சும். அந்த வருஷம் மூன்றாவது பனி நவம்பர் பிறந்த கையோடு விழுந்துவிட்டது. நெட்டி தன் கொட்டகையில் விறகடுப்பை மூட்டி, கம்பிச் சுருள்களை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டாள்.

மற்ற நாளில் அந்தக் கொட்டகையில் சிங்கி இறால் பிடிக்கிற கூண்டுகள்தான் கிடக்கும். மெய்ன் மாநிலத்தின் அந்தக் கிழக்கு மூலையில் ஒரே வேலையை வைத்துக்கொண்டு யாரும் வயிறு கழுவ முடியாது. வசந்தத்தில் சேற்றில் கிளிஞ்சல், ஆகஸ்டில் நீலப்பழம், பனி விழுந்தால் கிறிஸ்துமஸ் வளையம். ஆண்கள் கடலைவிட்டு நகரமாட்டார்கள். மற்றதெல்லாம் பெண்கள் தலையில்.

நெட்டியின் தம்பி மனைவி ரோவீனா, அந்த வருஷம் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போனாள். ஒரு பிடி கொப்பை வளையத்தில் வைப்பது, கம்பியை இரண்டு சுற்று இழுப்பது, திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒரு பிடி வைப்பது. ஒரு வளையத்துக்கு இரண்டு டாலர் கூலி. பிசின் ஒட்டி விரல்களெல்லாம் கரிக்கட்டையாகிவிடும். சோப்புக்கு அது அசையாது, பன்றிக்கொழுப்பைத் தேய்த்தால்தான் கொஞ்சம் வழிக்கு வரும். விரல் நுனியில் வெடித்த வெடிப்புகளுக்குள் போன பிசினை அதுவும் ஒன்றும் செய்யாது.

"என்ன ரோவீனா, இன்னைக்கும் கோழி கூவுறதுக்கு முன்னாலயே வந்துட்டியா? எல்லா வளையத்தையும் நீயே கட்டிட்டா நாங்கள்லாம் எங்க போறது? பாறையில நத்தை பொறுக்கவா?"

கேட்டவள் ஃபிலிஸ். ஹேக்கெட் துறையில் அவள் வாயில் விழாதவர்கள் இரண்டே வகை. ஒன்று இன்னும் பிறக்காதவர்கள், மற்றது அவள் புருஷன் ஹாலிஸ்.

"உனக்கும் ரெண்டு மிச்சம் வைக்கிறேன், கவலப்படாத" என்றாள் ரோவீனா.

"வீட்டுல ஆம்பளை சம்பாதிக்கிறானே, அப்புறம் எதுக்குடி இந்தப் பாடு? இந்தக் கோடையில நல்லாத்தானே பிடிச்சான்?"

நெட்டி அடுப்புக்குள் ஒரு கட்டையைத் திணித்துக்கொண்டே, "ஃபிலிஸ், கொப்பைப் பார்த்து ஒடி. வாயைப் பார்த்து இல்ல" என்றாள்.

ஃபிலிஸ் கேட்டதில் தப்பில்லை. ரோவீனாவின் புருஷன் ஆல்டன் அந்தக் கோடையில் நன்றாகத்தான் பிடித்தான். அதுதான் வம்பாகவும் போயிற்று.

முந்தின குளிர்காலம் ஆல்டன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். காய்ச்சல் இல்லை, அடி இல்லை, கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எழுந்திருக்க மட்டும் அவனால் முடியவில்லை. ஹேக்கெட் துறையில் ஓர் ஆண்பிள்ளை கடலுக்குப் போகவில்லை என்றால் குறைந்தது ஒரு காலாவது போயிருக்க வேண்டும். மனசு படுத்துக்கொண்டது என்று சொன்னால் அதைக் கேட்பதற்கு அங்கே காது கிடையாது. மளிகைக் கடையில் வைத்து ஃபிலிஸ், "எங்க ஹாலிஸ் நிமோனியாவோட கூண்டு இழுத்தவன்" என்று யாரிடமோ சொன்னது ரோவீனாவின் காதில் விழுந்தது. அந்த முள் அவள் நெஞ்சில் அப்படியே தைத்துக் கிடந்தது.

பனி உருகிச் சேறு இளகுகிற காலத்தில் அவனைக் குழந்தைக்கு உடுத்துவதுபோல் உடுத்தி வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்தச் சின்ன வயது மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் அவள் சுட்ட ஆப்பிள் பலகாரத்தில் பாதியைத் தின்றான். இன்னொரு நாள் நாயைத் திட்டினான். ஜூன் பிறக்கும்போது, "என் ரப்பர் பூட்ஸ் எங்க போய்த் தொலஞ்சது?" என்று சமையலறையில் நின்று கத்தினான். ரோவீனா விறகு அடுக்கின் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு குளியலறைப் பக்கம் போகும்போதெல்லாம், வழியில் படுத்திருக்கும் நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல் அந்த மாத்திரைக் குப்பியின் மூடியை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவாள்.

மாத்திரை அவனைக் கடலுக்கு அனுப்பியது. கடல் காசு கொடுத்தது. காசு வந்ததும், இத்தனை சம்பாதிக்கிறவர்களுக்கு இது கிடையாது என்று அரசாங்கக் காப்பீடு கைவிரித்துவிட்டது. அதுவரை மூன்று டாலருக்கு வந்துகொண்டிருந்த மாத்திரைக்கு ஒரு மாதத்துக்கு நூற்று எண்பத்தேழு டாலர் ஆயிற்று. விலை குறையாதா, வேறு வழி இருக்கிறதா என்று ரோவீனா கேட்கவில்லை. கேட்பது அந்த ஊரில் கையேந்துவதற்குச் சமம். படகுக் கடனும் டீசலும் ஆல்டனுடைய பணத்தை விழுங்கின. ரோவீனா வளையம் கட்டினாள். மாதத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் வளையம் ஆல்டனுடைய தலைக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டாள். விலையை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் நவம்பர் நடுவில் ஒரு நாள் அவளுக்குக் கொட்டகையில் வேலை நெருக்கிவிட்டது. "வர்ற வழியில மருந்தை வாங்கிட்டு வந்துடு" என்று அவனையே அனுப்பிவிட்டாள். இருபது டாலரோடு போய் நின்றவனிடம் கடைப்பெண் தொகையைச் சத்தமாகச் சொன்னாள். டீசலுக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். குப்பியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. சாப்பாடு போடு" என்றான்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கோணலாயிற்று. முதலில் தூக்கம் போனது. பிறகு தலையை ஒரு பக்கமாகத் திருப்பினால் மூளைக்குள் மின்சாரம் தட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டான். காப்பிக் கோப்பையை உடைத்தான். உடைத்ததற்காக அவள்மேல் எரிந்து விழுந்தான். பிறகு, "நான் ஒரு தண்டம்" என்று முணுமுணுத்தான். அந்த வார்த்தையை ரோவீனா போன குளிர்காலத்தில் நிறையக் கேட்டிருந்தாள். மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டதோ? இனி எந்த மருந்துக்கு எந்த ஊருக்குப் போவது?

ஒரு சனிக்கிழமை மதியம் கொட்டகை வாசலில் டூயி வந்து நின்றான். ஆல்டனுடைய படகில் கூட நின்று வேலை செய்கிறவன், தூரத்துச் சொந்தம். ஓயாமல் பேசுகிற வாய் அவனுக்கு. அன்று மஞ்சள் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஒன்றும் பேசாமல் நின்றான். ரோவீனா கம்பியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"உசிரோட இருக்கான்" என்றான் டூயி முதலில். "பயப்படாத. வீட்டுல விட்டுட்டுத்தான் வர்றேன்."

"என்னடா ஆச்சு?"

"கூண்டுகளைக் கரைக்குக் கொண்டுவந்துக்கிட்டிருந்தோமா... ஒரு கூண்டைத் தூக்கிப் பிடிச்சவன் அப்படியே நிக்கிறான். 'ஆல்டன், ஆல்டன்'னு கூப்பிடுறேன், மரம் மாதிரி நிக்கிறான். அப்புறம் கையை விட்டுட்டான். கூண்டு தண்ணிக்குள்ள போகுது, கயிறு ஓடுது, ஓடுற கயித்துல இவன் கால் சுத்திக்கிச்சு. நான் பாஞ்சு இஞ்சினை நிறுத்தாம இருந்திருந்தா..." அவன் முடிக்கவில்லை. "உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். நான் சொல்லிட்டேன். சத்தியத்தைக் கர்த்தர் பார்த்துக்கட்டும்."

"உனக்குப் புண்ணியம்டா" என்று அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள் ரோவீனா.

வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை என்றால் பீன்ஸ். காலையிலேயே கரும்புப்பாகும் கடுகும் உப்புக் கொழுப்பும் போட்டு மண்சட்டியில் ஏற்றிவிட்டுத்தான் போயிருந்தாள். ஆல்டன் மேசையில் உட்கார்ந்து ஒரு காலை நாற்காலியில் நீட்டியிருந்தான். கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம் சிவந்து கிடந்தது.

"டூயி உளறிட்டானா?"

"நீ சொல்லு. மாத்திரை போடுறியா, இல்லையா?"

"போடுறேன்."

"தினமுமா?"

ஆல்டன் சட்டியைப் பார்த்தான். "ரெண்டு ராத்திரி ஊறல்" என்றான்.

"என்ன?"

"கூண்டை நாம தினமுமா இழுக்கிறோம்? ரெண்டு ராத்திரி ஊற விட்டு இழுத்தாலும் உள்ள வந்த இறால் உள்ளதான் இருக்கப்போகுது. இரையும் மிச்சம், டீசலும் மிச்சம். மாத்திரையும் அப்படித்தானேன்னு... ஒரு நாள் போட்டுட்டு ரெண்டு நாள் ஊற விட்டேன். ஏற்கெனவே போட்டது உள்ளதானே இருக்கும்?"

ரோவீனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் மண்டை என்ன கூண்டாடா? உள்ள இறாலா ஓடுது? பாவி மனுஷா, உன் கால் கடலுக்குள்ள போயிருந்தா உன்னை எங்க போய் இழுக்கிறது நான், எத்தனை ராத்திரி ஊற விட்டு இழுக்கிறது?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். திறந்தாள். பருத்தி போட்டு, ஈரம் படாமல், மிச்சம் பிடித்த மாத்திரைகள் அடுக்கியிருந்தன.

"ஒரு மாசத்துக்குச் சேர்த்துட்டு கிறிஸ்துமஸுக்கு உன்கிட்ட கொடுக்கலாம்னு இருந்தேன்" என்றான். "அந்த மாசம் நீ வாங்க வேணாம்ல. கொஞ்சம் கையை ஆறப்போடலாம்ல." அவள் கையை இழுத்துப் பிசின் அப்பிய வெடிப்புகளைத் தன் கட்டைவிரலால் தடவினான். "இந்தக் கையைப் பார்த்துட்டு எப்படி ரோவீனா அதை முழுங்குறது?"

அவளால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை. உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான். பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

அன்றைக்கே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னதில், டப்பாவில் உள்ளதைத் தினமும் போடு, விடாதே, கடலுக்கு மட்டும் இப்போது போகாதே என்று அங்கிருந்த செவிலி சொன்னாள். சரி. டப்பா தீர்ந்த பிறகு? மிச்சக் கூண்டுகள் இன்னும் கடலுக்குள் கிடந்தன, கடன்காரன் கரையில் நின்றான், வளையக்காலம் கிறிஸ்துமஸோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எதைக் கட்டி எதை வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கொட்டகையில் அவள் கட்டின வளையம் ஒன்றில் ஒரு பக்கம் கொப்பே இல்லை. நெட்டி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஃபிலிஸ் இரண்டு மூன்று முறை இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து எழுந்தாள்.

"கொப்பு தீந்துபோச்சு. ரோவீனா, வா, ஒரு கட்டுத் தூக்கிட்டு வருவோம்."

கொப்பு தீரவில்லை. ரோவீனா அவள் பின்னால் போனாள். கொட்டகையின் பின்பக்கம் ஃபிர் குவியல் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. வடகிழக்குக் காற்று கடலைக் கலக்கி உப்பை அள்ளித் தெளித்தது.

"டூயி வாய் சும்மா இருக்குமா? ஊர் பூராவும் கயித்துக் கதைதான்" என்றாள் ஃபிலிஸ். "என்னடி நடக்குது உங்க வீட்டுல?"

"உனக்கு எதுக்கு? நாளைக்குக் கடையில நின்னு சொல்றதுக்கா? உன் ஹாலிஸ் நிமோனியாவோட கூண்டு இழுப்பான். என் புருஷனால முடியல, போதுமா? தலைக்கு மாத்திரை போடுறான். காசை மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு ரெண்டு நாள் விட்டுப் போட்டுச் சாகப் பார்த்தான். போ, போய்ச் சொல்லு!"

ஃபிலிஸ் சொல்லடி பட்டு நின்று ரோவீனா பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள். ஃபிலிஸின் முகம் சுருங்கியது. கோட்டுப்பைக்குள் கை விட்டு ஒரு வைட்டமின் குப்பியை எடுத்து, மூடியைத் திருகி, உள்ளங்கையில் ஒன்றைக் கொட்டிக் காட்டினாள்.

"இது வைட்டமின் இல்ல" என்றாள்.

ரோவீனா அதைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷமா. எங்க அம்மா போனதுக்கு அப்புறம். ஹாலிஸுக்குத் தெரியாது. கடையில அப்படிப் பேசினேன், ஆமா. எவளாவது என்னைச் சந்தேகப்பட்டுடுவாளோன்னு பயம். நாய் புத்தி. அதை விடு. ஆல்டனுக்கு என்ன மருந்து? பேரைச் சொல்லு."

ரோவீனா சொன்னாள்.

"அட, இதேதான்டி! எவ்வளவு கொடுக்கிற?"

"நூத்தி எம்பத்தேழு."

"என்னது? தங்கத்துல முக்கியா தர்றான்? நான் பதினாலு கொடுக்கிறேன். காப்பீடும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. இரு இரு... ஆல்டனுது மாத்திரையா, கேப்சூலா?"

"வெள்ளையா, கெட்டியா... மாத்திரை."

"அதான் விஷயம்! உள்ள இருக்கிறது ஒண்ணுதான். அழுத்தி மாத்திரையாக்கினா ஒரு விலை, கேப்சூல்ல அடைச்சா ஒரு விலை. ஏன்னு கேக்காத, இந்த நாட்டுல அதுக்குப் பதில் சொல்ற ஆள் இன்னும் பொறக்கல. எனக்கும் முதல்ல மாத்திரைதான் எழுதினாங்க. கடையில யாரும் இல்லாத நேரமாப் பார்த்து நான் கத்தின கத்துல மருந்துக்கடை லீமனே மருத்துவருக்குப் போன் போட்டு மாத்திவச்சான். தள்ளுபடிச் சீட்டு ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டு வாங்கு. நீ கேக்கலையா?"

"கேக்கல."

"ஏன்டி?"

"வெக்கமா இருந்துச்சு."

ஃபிலிஸ் கேப்சூலைக் குப்பிக்குள் போட்டு மூடினாள். "வெக்கம்தான் நம்ம ஊர்ல ரொம்ப விலை கூடின சரக்கு" என்றாள். "என் பேர் வெளிய வரக் கூடாது. ஆல்டன்கிட்டக்கூட. அவன் ஹாலிஸோட சேந்துதான் உறைஞ்ச ஏரியில மீன் பிடிக்கப் போறான்."

"வராது."

"சத்தியம்?"

"சத்தியம்" என்று ரோவீனா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் கோட்டிலும் பிசின் இருந்ததால் பிரிவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. "விடுடி, ஒட்டிக்கிட்டுச் சாகவா?" என்றாள் ஃபிலிஸ். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் ரோவீனா மருந்துக்கடைக் கவுண்டரில், மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில் பேசினாள். பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"லீமன், என் புருஷனோட மருந்தைக் கேப்சூலா மாத்தினா எவ்வளவு ஆகும்?"

லீமன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கணினியைத் தட்டினான். "சீட்டோட போட்டா பதிமூணு டாலர் அறுபது" என்றான். "எழுதினதை மாத்த மருத்துவர் சொல்லணும். இருங்க." உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தான். "சரின்னுட்டாங்க. அவங்க கணினிப் பட்டியல்ல மேல நின்னதை அமுக்கியிருக்காங்க, அவ்வளவுதான். ஆல்டன்கிட்ட அவங்களே நாளைக்குப் பேசுறாங்களாம். ரோவீனா, நானும் இதைப் பார்த்துச் சொல்லியிருக்கணும். மாசாமாசம் நீங்க எண்ணிக் கொடுக்கிறதைப் பார்த்துட்டுத்தானே இருந்தேன். மன்னிச்சுக்கங்க."

கத்த வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் கையில் அந்தச் சின்னப் பொட்டலம் வந்ததும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "இனி வர்றவங்களுக்குச் சொல்லு லீமன்" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, கர்த்தருக்கும் ஃபிலிஸுக்கும் மாற்றி மாற்றி நன்றி சொன்னாள்.

ஆல்டன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பதிமூணு டாலரா? ஒரு வாளி இரைக்குக்கூட அதைவிட அதிகம் கொடுக்கிறேன்."

"இனிமே ஊறப்போடுவியா?"

"மாட்டேன் தாயே." பிறகு கேட்டான்: "யாரு சொன்னது?"

"கொட்டகையில ஒருத்தி. பேர் கேக்காத, சத்தியம் பண்ணியிருக்கேன்."

இது ஆல்டனுக்குப் பெரிய இக்கட்டாகிவிட்டது. ஹேக்கெட் துறையில் யாரும் வாயால் நன்றி சொல்வதில்லை. விடிவதற்குள் வாசற்படியில் ஒரு வாளி இறாலோ ஒரு கட்டு விறகோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வைத்தவனும் பேசமாட்டான், எடுத்தவனும் பேசமாட்டான், கணக்குத் தீர்ந்துவிடும். இப்போது யார் படியில் கொண்டுபோய் வைப்பது? "எல்லா வீட்டுலயும் ஒரு வாளி வச்சுடவா?" என்றான் ஒரு நாள். "வை. அப்புறம் நம்ம சட்டியில தண்ணியை வச்சுக் கொதிக்க வைப்போம்" என்றாள் ரோவீனா. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

அடுத்த இரண்டு வாரத்தில் தலைக்குள் தட்டிய மின்சாரம் நின்றது. மருத்துவர் சரி என்றதும், டூயியும் அவனும் மிச்சக் கூண்டுகளைக் கரையேற்றிவிட்டார்கள்.

டிசம்பரில் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் வழக்கம்போல் பீன்ஸ் விருந்து. நீளமான மேசைகள், சட்டி சட்டியாகப் பீன்ஸ், சிவப்புத் தோல் தொத்திறைச்சி, தகரக் குவளையில் அவித்த கறுப்பு ரொட்டி, புளிப்பு ஊறுகாய். ஆல்டனுக்கும் ரோவீனாவுக்கும் எதிரே ஹாலிஸும் ஃபிலிஸும் உட்கார்ந்திருந்தார்கள். டூயி ஏழாவது தடவையாகவோ எட்டாவது தடவையாகவோ கயிற்றுக் கதையைச் சொன்னான். இப்போது அது சிரிப்புக் கதையாகியிருந்தது. ஆல்டன் ஒற்றைக்காலில் ஆடின ஆட்டத்தை எழுந்து ஆடியே காட்டினான்.

"வயசாகுது ஆல்டன்" என்றான் ஹாலிஸ். "கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போடு."

கூடம் சிரித்தது. ஆல்டனும் சிரித்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான். ரோவீனா மேசைக்கடியில் அவன் தொடையைத் தொட்டாள். அவன் நிறுத்தவில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு ஹாலிஸ். தலைதான் சரியில்ல. போன குளிர்காலம் நான் படுத்துக் கிடந்தேனே, அது நாங்க சொல்லிக்கிட்ட மாதிரி முதுகு வலி இல்ல. மனசு. அதுக்கு ஒரு மருந்து இருக்கு, போடுறேன். இந்த நவம்பர்ல காசுக்குப் பயந்து அதை விட்டு விட்டுப் போட்டேன். அதான் கால் கயித்துக்குள்ள போச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆல்டனுடைய காது இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் பேசினான்.

"நம்ம ஊர்ல யாரோ ஒருத்தங்க அதைக் கேப்சூலா வாங்குனா பதிமூணு டாலர்தான்னு ரோவீனாகிட்டச் சொல்லியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. இவ சொல்லமாட்டேங்கிறா. யார் வாசல்ல வாளி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அதனால வாயாலயே சொல்லிடுறேன். நன்றி. நான் உசிரோட இருக்கேன். அவ்வளவுதான். மாத்திரை வாங்காதீங்க, கேப்சூல் வாங்குங்க. அந்த ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளு, டூயி."

டூயி ஊறுகாயைத் தள்ளினான். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ரோவீனா எதிரே பார்க்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எதிரே கைப்பை திறக்கிற சத்தம் கேட்டது.

ஃபிலிஸ் கைப்பையிலிருந்து வைட்டமின் குப்பியை எடுத்து மேசைமேல், ஹாலிஸுக்கு முன்னால், பட்டென்று வைத்தாள். ஒரு கேப்சூலை எடுத்தாள். ஆல்டன் அதைப் பார்த்தான். தான் இப்போது விழுங்குகிற அதே நிறம்.

ஹாலிஸும் பார்த்தான். "வைட்டமின்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"எவ்வளவு நாளா?"

"அம்மா போனதுலேர்ந்து."

ஹாலிஸ் பெரிய ஆள். அவன் கைக்குள் முள்கரண்டி பல்குத்தும் குச்சிபோல் இருந்தது. அதை இரண்டு தரம் உருட்டினான். ஊருக்கெல்லாம் வாய் வைத்திருந்த ஃபிலிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, பள்ளியில் தப்புச் செய்த பெண்ணைப்போல் உட்கார்ந்திருந்தாள். காப்பிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். ஹாலிஸ் அந்தக் கையைத் தடுத்து, தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"காப்பி சுடும்" என்றான். "தண்ணியில முழுங்கு."

அவள் விழுங்கினாள். அவன் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பீன்ஸ் வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக மேசையில் பேச்சு திரும்ப வந்தது. எழுந்து போகும்போது நெட்டி தம்பியின் தோளை அழுத்திவிட்டுப் போனாள். கோட்டு மாட்டும் இடத்தில், ரோவீனா பேசியே பார்க்காத ஒரு மீனவன் மனைவி அவள் காதோரம் குனிந்து, "கேப்சூல்னுதானே சொன்னாரு?" என்று கேட்டாள்.

மறுநாள் விடிவதற்குள் ஆல்டன் எழுந்து போனான். ஐஸ் அறையில் போட்டிருந்த சிங்கி இறாலில், உருக்கின வெண்ணெயில் தோய்த்துத் தின்னத் தோதான பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு வாளி நிரப்பி, ஃபிலிஸ் வீட்டுப் பின்வாசலில் அல்ல, தெருவே பார்க்கிற முன்வாசல் படியில் வைத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே திரும்பி வந்தான். வந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்குப் போனான். குப்பி திறக்கிற சத்தமும் குழாய்ச் சத்தமும் ரோவீனாவுக்குப் படுக்கையிலேயே கேட்டன.

திங்கட்கிழமை கொட்டகைக்கு ஃபிலிஸ் எல்லோருக்கும் பின்னால் வந்தாள். கையுறையைக் கழற்றினாள், கம்பியை எடுத்தாள், ஒரு வளையத்தை முழுக்கக் கட்டி முடித்தாள். பிறகு ரோவீனாவைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"வீட்டுல வெண்ணெய் ஒரு பொட்டு இல்ல. நேத்து ஹாலிஸ் உருக்கி உருக்கியே எல்லாத்தையும் தீத்துட்டான்."

ரோவீனாவும் அவளைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுல இருக்கு" என்றாள். "போகும்போது வந்து வாங்கிட்டுப் போ."